மகனைக் கிராமத்துப் போர்டிங்கில் சேர்க்கலாமா? காசிமேட்டுச் சகோதரிக்கு ஒரு பதில்

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் விசைப்படகில் போகிறவர், கடலுக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். மகன் ஐந்தாவது முடிக்கப் போகிறான். பள்ளி விட்டதும் துறைமுகத்தில் பெரிய பையன்களோடு சுற்றுகிறான், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறான். பங்குச் சாமியார், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளியின் பெயரைச் சொல்லி, அங்கே போர்டிங்கில் சேர்த்துவிடுங்கள், பையன் ஒழுங்காகிவிடுவான் என்கிறார். சேர்க்கலாமா, பிடிக்காவிட்டால் நடுவில் கூட்டி வந்துவிட முடியுமா என்பது கேள்வி.

பள்ளி எப்படி என்று விசாரிப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாயங்காலம் பள்ளி விட்டதிலிருந்து மறுநாள் காலை மணி அடிக்கும் வரை பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நான் போர்டிங்கில் படித்தவன், பிறகு போர்டிங் இருந்த ஒரு பள்ளியிலேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். நீங்கள் பார்க்கப் போனால் பத்தாம் வகுப்பு ரிசல்ட், பெரிய மைதானம், வேப்ப மரங்கள், கோயில், கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி எல்லாம் காட்டுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். ராயபுரத்து உதவிபெறும் பள்ளியிலும் அதே பாடப்புத்தகம், அதே தேர்வு. போர்டிங்கில் புதிதாகக் கிடைப்பது பள்ளி நேரத்துக்கு வெளியே உள்ள மிச்ச நேரம். பையன் ஆளாவதும் கெடுவதும் அந்த நேரத்தில்தான்.

இந்த போர்டிங்குகள் ஏன் கிராமத்தில் வந்தன என்று தெரிந்தால் இன்றைய நிலைமை கொஞ்சம் புரியும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கமெல்லாம் அநாதையான பிள்ளைகளுக்குச் சோறு போட மிஷனரிகள் ஆரம்பித்த இல்லங்கள் நிறைய. திருவண்ணாமலைப் பக்கத்துச் சேத்துப்பட்டில் (நம் சென்னைச் சேத்துப்பட்டு அல்ல) லூர்து மாதா கோயிலைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் தர்ராஸ் சாமியாரின் காலம் அது. சுற்றுவட்டாரக் காலனிகளில் பள்ளி கிடையாது. இருந்த பள்ளியில் தலித் பிள்ளைகளை உட்கார வைக்க மாட்டார்கள். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமானால் ஒரு கூரையின் கீழ் தங்க வைத்துச் சோறு போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை. பிறகு 1906-ல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபையார் என்ற கத்தோலிக்கத் துறவிகள் வட ஆற்காட்டிலும் பரவி, பள்ளியும் தொழிற்பயிற்சியும் விடுதியுமாக ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வாத்தியார், நர்ஸ், ரயில்வே, போலீஸ் என்று முதன்முதலில் சம்பள வேலைக்குப் போன தலைமுறையை விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் டிரங்க் பெட்டி தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு போர்டிங்குக்குப் போனவர்களாக இருப்பார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது நிலைமை வேறு. ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளி இருக்கிறது, பஸ் பாஸ் இருக்கிறது, மேல்நிலைக்குப் போனால் இலவச சைக்கிள் இருக்கிறது. கிராமத்துக்காரர்கள் பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்துகொண்டிருந்த உதவிப் பணமும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் இறுகிய பிறகு பல இடங்களில் வற்றிவிட்டது. அதனால் காலியாகும் கட்டில்களுக்குக் கட்டணம் கட்டக்கூடிய நகரத்துப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர் என்று நம் பக்கத்துப் பையன்கள் அங்கே போவது இப்படித்தான். பங்குச் சாமியார் உங்களிடம் சொன்னதில் அக்கறை இருக்கும். அங்கே இடம் இருக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று யாரோ கேட்டதும் இருக்கலாம். இரண்டிலும் தப்பில்லை, தெரிந்துகொண்டு பேசுங்கள்.

அப்புறம், போர்டிங்கை நடத்துவது யார் என்று கேளுங்கள். சலேசியரா, இயேசு சபையா, மோன்ட்போர்ட் பிரதர்களா, மறைமாவட்டமா? நம் பக்கத்தில் எல்லாமே 'ஃபாதர் ஸ்கூல்'தான். ஆனால் நடத்தும் விதம் வேறு. சலேசிய சபையை ஆரம்பித்த தொன் போஸ்கோ 1877-ல் எழுதி வைத்த ஒரு முறை இருக்கிறது. தப்பு செய்த பிறகு அடிப்பதைவிட, தப்பு செய்ய வாய்ப்பில்லாதபடி பெரியவர் ஒருவர் எப்போதும் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விளையாடும்போது மைதானத்தில், சாப்பிடும்போது மெஸ்ஸில், படுக்கும்போது படுக்கைக் கூடத்தில். ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு வார்டன் இரண்டு நிமிடம் எதையாவது பேசி 'குட் நைட்' சொல்லி அனுப்புவதும் அங்கிருந்து வந்த பழக்கம். இது நடக்கிற இடத்தில் பையன் பிழைத்துக்கொள்வான். எல்லா சலேசிய இல்லத்திலும் இது நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன், மற்ற இடங்களில் நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். பங்கு வேலையும் பள்ளி நிர்வாகமும் விடுதியும் ஒரே சாமியார் தலையில் விழுந்திருக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஏழு கிளைக் கிராமங்களுக்கும் ஓடுகிறவர் ராத்திரி எட்டரை மணிக்கு ஸ்டடி ஹாலில் இருக்க முடியாது. அந்த இடத்தைப் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் பிடித்துக்கொள்வான். லீடர் என்று பெயர், கையில் ஒரு குச்சி. போர்டிங் பற்றி நீங்கள் கேட்டிருக்கும் மோசமான கதைகளில் பாதி இந்தக் குச்சியில் ஆரம்பித்தவை.

இன்னொன்று. ஃபாதர்களுக்கு மாற்றல் உண்டு, பெரும்பாலும் மே மாதத்தில். ஒருவரை நம்பி ஜூனில் சேர்த்திருப்பீர்கள், அடுத்த ஜூனில் வேறொருவர் இருப்பார். அதனால் ஆளை மட்டும் பார்க்காமல், அவர் போனாலும் நிற்கும் ஏற்பாடு என்ன என்று பாருங்கள். விடுதியிலேயே தங்கும் பிரதர்கள் எத்தனை பேர்? பல வருஷமாக இருக்கும் சமையல்கார அம்மாவோ வாட்ச்மேனோ உண்டா? அவர்களிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசினால் ஃபாதரிடம் ஒரு மணி நேரம் பேசியதைவிட அதிகம் தெரியும்.

ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா போர்டிங்கும் அழகாகத்தான் இருக்கும், அதனால் வாரநாளில், இருட்டும் நேரத்தில் இருக்கிற மாதிரி போங்கள். படுக்கைக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆறாவது, ஏழாவது பையன்களும் பதினொன்று, பன்னிரண்டு பையன்களும் ஒரே கூடத்தில் படுக்கிறார்களா? அப்படியென்றால் நான் சேர்க்க மாட்டேன், வேறு எது நன்றாக இருந்தாலும் சரி. பெரியவர் எங்கே படுக்கிறார், அவர் அறைக்கும் கூடத்துக்கும் எவ்வளவு தூரம்? கழிப்பறைக்கு ராத்திரியில் வெளியே நடக்க வேண்டுமா, வழியில் விளக்கு எரிகிறதா? கிராமத்தில் பாம்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், ராத்திரி கூட்டிப் போக வண்டி இருக்கிறதா? கிணறோ தொட்டியோ இருந்தால் குளிக்கும் நேரத்தில் கூட யார் நிற்கிறார்கள்? கடல்புறத்துப் பையனுக்கு நீச்சல் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள், கிணறு வேறு விஷயம்.

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பையன் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பத்து, பதினொரு வயதில் வீட்டை விட்டுப் போன பிள்ளைகளுக்கு முதல் மாதங்களில் இது நடக்கும், வீட்டில் என்றோ நின்றுபோன பிள்ளைக்கும் நடக்கும். 'ராத்திரி ஒரு தடவை எழுப்பிவிடுவோம், பாயை மாற்றிக் கொடுப்போம்' என்று வார்டன் சாதாரணமாகச் சொன்னால் அவர் பிள்ளைகளோடு இருந்தவர். சிரித்தாலோ, 'அதெல்லாம் இங்கே வந்தால் சரியாகிவிடும்' என்றாலோ சந்தேகப்படுங்கள். சொறி சிரங்குக்கும் இதேதான். ஒருவனுக்கு வந்தால் கூடம் முழுக்க வரும், ஒரே நாளில் எல்லோருக்கும் மருந்து தடவித் துணியெல்லாம் வெந்நீரில் போட்டால்தான் போகும். அப்படிச் செய்கிறார்களா என்று மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் விரல் இடுக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், ஐந்து ஐந்தேகாலுக்கு மணி. ஜெபம், பூசை, ஸ்டடி, கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர், காலைச் சாப்பாடு, பள்ளி. நாலு மணிக்கு மேல் விளையாட்டு கட்டாயம், பிறகு குளியல், ஜெபமாலை, ஸ்டடி, சோறு, ராத்திரி ஜெபம். சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும். மீனில்லாமல் சோறு இறங்காத பையனுக்கு முதல் மாதம் கஷ்டம்தான். ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு. போன் கிடையாது, வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் போனிலிருந்து பேசவிடுவார்கள். பந்து விளையாடத் தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. வடசென்னைப் பையன் கால்பந்து ஆடுவான் என்று அந்தப் பக்கம் ஒரு பேர் இருக்கிறது, வியாசர்பாடிக்காரர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. நம் பேச்சைக் கேட்டு முதலில் கிண்டல் செய்வார்கள், மைதானத்தில் இரண்டு கோல் போட்டால் அடங்கிவிடும்.

சாதி பற்றி யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள், நான் சொல்கிறேன். கிறிஸ்தவ விடுதி என்பதால் சாதி இருக்காது என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கக் கிராமங்களில் கல்லறைகூடத் தனித்தனியாக இருக்கும் பங்குகள் உண்டு. பையன்கள் ஊரிலிருந்து அதைப் பெட்டியோடு கொண்டுவருவார்கள். நல்ல வார்டன் மெஸ்ஸில் உட்காரும் வரிசையை, படுக்கும் இடத்தை, வேலைப் பிரிவை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார். கழிப்பறை கழுவும் முறை எல்லோருக்கும் சுற்றி வருகிறதா என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வியே போதும்.

இப்போது 'ஒழுங்காகிவிடுவான்' என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. உங்கள் தெருவில் அடங்காத பையனை அனுப்புவதுபோல, ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவனை அனுப்புகிறார்கள். அத்தனை பேரும் ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். அதோடு, தண்டனையாக வந்தோம் என்று நினைக்கும் பையன் அங்கே யாரையும் நம்ப மாட்டான், தனக்கு ஏதாவது நடந்தால் வீட்டிலும் சொல்ல மாட்டான். 'நீ ஊர் சுற்றினாய், அதனால்தான் கொண்டுபோய்த் தள்ளினோம்' என்று ஒருமுறைகூட அவன் காதில் விழக் கூடாது. அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மைதானத்தைப் பார்த்து அவனே ஆசைப்பட்டால் ஒரு வருஷம் பார்க்கலாம். வேண்டவே வேண்டாம் என்று அழுதால், எட்டாவது வரை பொறுங்கள். எட்டாவது, ஒன்பதாவதில் போகும் பையன் தன்னைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருப்பான். நான் பார்த்தவரை போர்டிங்கில் நன்றாக நின்றவர்களில் பெரும்பாலானோர் அந்த வயதில் வந்தவர்கள்தான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் சிக்கல் சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை. அந்த நாலு மணி நேரத்துக்காகப் பையனை வருஷம் முழுக்க அனுப்ப வேண்டுமா என்று வீட்டுக்காரரோடு பேசுங்கள். பங்கில் மாலை டியூஷன் நடந்தால், ஏதாவது கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் பயிற்சியில் சேர்த்துவிட முடிந்தால், இரண்டு மாதம் அதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நம் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை.

பணமும் சலுகையும் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் மகன் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான் என்றால் கவனியுங்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லும், பொறியியல் முதலானவற்றில் 2021-லும் வந்தது. மாநகராட்சிப் பள்ளி இதில் சேரும், அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளி சேராது. ஆறாவதில் போர்டிங்குக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு அன்றோடு போச்சு. கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவனுக்கும் உண்டு. ஆகவே அங்கே தமிழ் வழியா, ஆங்கில வழியா, அந்தப் பிரிவு உதவிபெறுவதா, சுயநிதியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதிக் கட்டணத்தை ஜூனில் மொத்தமாகக் கேட்பார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், உங்கள் கையில் காசு இருக்காது. ஆகஸ்டுக்குள் மூன்று தவணையாகக் கட்டுகிறேன் என்று இப்போதே பேசிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், பங்குச் சாமியார் ஒரு கடிதம் கொடுத்தால் இன்னும் சுலபம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். சாமியார் சொல்வது போர்டிங்கா, குருத்துவத்துக்கு ஆள் எடுக்கும் இளங்குருமடமா? மே மாதம் நடக்கும் இறையழைத்தல் முகாமுக்குக் கூப்பிட்டால் அது இரண்டாவது வகை. அதுவும் நல்ல இடம்தான், ஆனால் அங்கே போகிறவனிடம் எதிர்பார்ப்பது வேறு. இப்போது பத்தாவதோ பன்னிரண்டோ முடித்தவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மரியாதைக் குறைவு இல்லை. பாலியல் தொல்லை எதுவும் நடந்தால், தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம். பிஷப் ஆனாலும் சரி, உள்ளுக்குள் பேசி முடிப்பதற்கு இடமில்லை. பையனை அனுப்பும் முன் இரண்டு எண்களை மனப்பாடம் செய்ய வையுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417. மூன்றாவதாக உங்கள் போன் நம்பர். இன்றைய பிள்ளைகளுக்கு அம்மாவின் நம்பர் போனில்தான் தெரியும், தலையில் இருக்காது. யாராவது தொட்டாலோ அடித்தாலோ, அவர் அங்கி போட்டவரானாலும், அம்மா உன்னைத்தான் நம்புவேன் என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். பக்தியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வார்த்தை ரொம்ப முக்கியம். சாமியாரைப் பற்றித் தப்பாகச் சொன்னால் வீட்டில் அடி விழும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

சேர்த்துவிட்டால், முதல் விசிட்டிங் சண்டே தவறாமல் போங்கள். 'முதல் மாதம் போகாதீர்கள், அழுவான்' என்பார்கள். அழட்டும். வராத அம்மாவை நினைத்து அழுவதைவிட அது பரவாயில்லை. வீட்டுக்காரர் கடலில் இருந்தால் நீங்களாவது, மாமாவாவது போக வேண்டும். வழியையும் இப்போதே பாருங்கள். திண்டிவனம் வழி என்றால் நம் பக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேரவே பாதிக் காலை போய்விடும். வேலூர் வழி என்றால் சென்ட்ரலில் ரயில் பிடித்துக் காட்பாடியில் இறங்கிப் பஸ் மாறலாம். காலையில் போய் ராத்திரி திரும்ப முடியாத தூரம் என்றால் அந்த ஊரே வேண்டாம்.

நடுவில் கூட்டி வரலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. எட்டாவது வரை, வருஷத்தின் எந்த மாதத்தில் போனாலும் அரசுப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். டி.சி. வரத் தாமதமானது என்று திருப்பி அனுப்பக் கூடாது. கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கவும் கூடாது. எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவேட்டில் பழைய பள்ளிக்காரர்கள் பையனின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளியில் ஏறும், அதை மட்டும் நேரில் நின்று செய்துகொண்டு வாருங்கள். செப்டம்பர் காலாண்டு லீவில் வந்தவுடன் கேட்காதீர்கள், அப்போது எல்லாப் பையன்களும் போக மாட்டேன் என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஜனவரியில் கிளம்பும்போதும் அதையே சொன்னால், பெட்டியைக் கட்ட வேண்டாம்.